பழைய சிஎன்சி மில்லிங் இயந்திரத்துக்குப் புதிய கன்ட்ரோலர்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

ஒரு மில்லிங் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலுக்கு நாற்பது ஆண்டுகள் பெரிய வயதல்ல. எண்களால் எழுதிய நிரலின்படி அதை இயக்கும் கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டிக்கோ அது மிகப் பெரிய வயது. கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோகின்றன, பேட்டரியின் தயவில் நின்ற நினைவகம் ஒரு நீண்ட விடுமுறைக்குப் பின் பாராமீட்டர்களை, அதாவது அந்த இயந்திரத்துக்கே உரிய அமைப்பு எண்களை, மறந்துவிடுகிறது, படக்குழாய்த் திரை மங்கி மங்கி ஒருநாள் இருண்டுவிடுகிறது. இவை எதுவும் நேராத இயந்திரத்திலும் வேறொரு நெருக்கடி உண்டு. அக்காலக் கன்ட்ரோலர்களின் நினைவகம் காகித நாடாவின் நீளத்தில் அளக்கப்பட்டது. ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்ற கணக்கில் 80 மீட்டர் நாடா என்பது ஏறத்தாழ 32 கிலோபைட். ஒரு வளைபரப்பைச் செதுக்க வரைந்த வடிவத்தை வெட்டும் பாதையாக மாற்றும் இன்றைய கேம் (CAM) மென்பொருள் எழுதித் தரும் நிரல் சில மெகாபைட்டுகளை எளிதாகத் தொட்டுவிடும். சீரியல் கேபிள் வழியாகச் சிறுகச் சிறுக ஊட்டலாம் என்றால், 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் வந்து சேரும். வரிக்கு 24 எழுத்து என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 40 வரிகள், 0.1 மில்லிமீட்டர் துண்டுகளால் ஆன பாதையில் நிமிடத்துக்கு 240 மில்லிமீட்டருக்கு மேல் ஃபீடு, அதாவது வெட்டும் நகர்வின் வேகம், கிடைக்காது.

இந்த நிலையில் புதிய கன்ட்ரோலர் பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த கன்ட்ரோலர் சிறந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. இயந்திரத்தில் இப்போது இருக்கும் மோட்டார்களிலும் அவற்றுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவுகளிலும் எவற்றை விட்டுவைக்கலாம் என்பது முதலில் தெளிவானால், கன்ட்ரோலர் தேர்வு பாதிக்கு மேல் தானாகவே முடிந்துவிடும். பேச்சுக்கு ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்: 1980களின் செங்குத்து மெஷினிங் சென்டர், மூன்று அச்சுகள், வேகத்தைச் சொல்லும் டாக்கோஜெனரேட்டரும் நிலையைத் துடிப்புகளாகச் சொல்லும் என்கோடரும் பொருத்தப்பட்ட டிசி சர்வோ மோட்டார்கள், இருபது கருவிகள் கொண்ட டூல் சேஞ்சர், கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குத் தனி டிரைவ்.

அதற்கும் முன்பு சிறு நகர்வுகளை அளக்கும் டயல் கேஜை எடுக்க வேண்டும். மேசையை ஒரு திசையில் நகர்த்தி, திருப்பி, எவ்வளவு தூரம் தொலைகிறது என்பதைப் பயணத்தின் இரு முனைகளிலும் நடுவிலும் அளக்க வேண்டும். எல்லா இடத்திலும் 0.02 மில்லிமீட்டர் என்றால் மென்பொருள் ஈடுசெய்துவிடும். முனைகளில் 0.02, நடுவில் 0.08 என்றால் மேசையைத் தள்ளும் பால் ஸ்க்ரூ நடுவில் தேய்ந்திருக்கிறது. அங்கே ஒற்றை எண்ணால் பேக்லாஷை, அதாவது திரும்பும்போது தொலையும் தூரத்தை, ஈடுசெய்தால் ஓரிடத்தில் சரியாகி இன்னோரிடத்தில் கெடும். இடத்துக்கு இடம் மாறும் திருத்த அட்டவணையைப் பல கன்ட்ரோலர்கள் ஏற்கும் என்றாலும், கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும் கிளைம்ப் மில்லிங்கில் அந்த இடைவெளி முழுவதும் ஓர் உலுக்கலாக வெளிப்படும். எந்த அட்டவணையும் ஸ்க்ரூவுக்கு விறைப்பைத் திருப்பித் தராது. ஸ்லைடுகளுக்கு எண்ணெய் போகும் குழாய் ஏதாவது அடைத்திருக்கிறதா என்பதையும் இதே மூச்சில் பார்த்துவிடலாம். அளவுகள் மோசமாக இருந்தால் பணம் முதலில் அங்கே போக வேண்டும்.

லூப் எங்கே மூடுகிறது

ஒரு சர்வோ அச்சுக்குள் ஒன்றினுள் ஒன்றாக மூன்று கட்டுப்பாட்டுச் சுற்றுகள் (லூப்கள்) இயங்குகின்றன. உள்ளே மின்னோட்டத்தைக் கவனிப்பது, அதைச் சுற்றி வேகத்தைக் கவனிப்பது, வெளியே இடத்தைக் கவனிக்கும் பொசிஷன் லூப். நாம் எடுத்துக்கொண்ட வகை இயந்திரத்தில் உள்ளிருக்கும் இரண்டும் டிரைவுக்குள் நடக்கின்றன. டாக்கோ தரும் மின்னழுத்தமே டிரைவுக்கு வேகம் சொல்லும் சாட்சி. பொசிஷன் லூப் கன்ட்ரோலரில் மூடுகிறது: என்கோடரை எண்ணி, இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஒரு வேகக் கட்டளையைக் கணக்கிட்டு, அதை ±10 வோல்ட் எல்லைக்குள் ஓர் அனலாக் மின்னழுத்தமாக டிரைவுக்கு அனுப்புகிறது. இந்த ஒற்றைக் கம்பிச் சோடிதான் பழைய இயந்திரத்தின் மிகப் பெரிய வரம். யார் அனுப்பினார்கள் என்று டிரைவ் கேட்பதில்லை. புதிய கன்ட்ரோலர் அதே மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அது அதே போல ஓடும்.

எல்லாப் பழைய இயந்திரமும் இப்படிப்பட்டதல்ல என்பதால்தான் பெயர்ப்பலகைகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபனுக் நிறுவனத்தின் டிஜிட்டல் சர்வோ அமைப்புகளில் வேகச் சுற்றும் மின்னோட்டச் சுற்றும் கன்ட்ரோலரின் அச்சு போர்டுக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றன. டிரைவுக்குச் செல்வது ஆறு டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடும் பிடபிள்யூஎம் துடிப்புகள் மட்டுமே. அதற்குப் பின் வந்த தலைமுறையில் அந்தக் கேபிளின் இடத்தை ஒளியிழை பிடித்துக்கொண்டது. சீமென்ஸிலும் இதே பிளவு உண்டு: சிமோடிரைவ் 611-ஏ அனலாக் கட்டளையை ஏற்கும், 611-டி தன் வீட்டு கன்ட்ரோலரைத் தவிர வேறு யாருடனும் பேசாது. இத்தகைய டிஜிட்டல் டிரைவுகள் நல்ல நிலையில் இருந்தாலும், கன்ட்ரோலரை வேறு தயாரிப்புக்கு மாற்றும்போது கூடவே கழற்றப்பட வேண்டியவை. வயதில் இளைய இயந்திரமே மறுபொருத்தத்தில் கூடுதல் செலவு வைப்பது இதனால்தான்.

டிரைவும் மோட்டாரும் நலமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மோட்டாரை டிரைவிலிருந்து முற்றிலும் பிரித்த பின் மெக்கர் வைத்துச் சுருளுக்கும் உடலுக்கும் இடையிலான காப்புத்தடையை அளக்கலாம். பிரிக்காமல் அளந்தால் சோதனை மின்னழுத்தம் டிரைவையே கொன்றுவிடும். கார்பன் பிரஷ்களின் நீளத்தையும், கம்யூட்டேட்டரில் கரித்தூள் படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டாக்கோவில் படியும் தூள் மிகச் சிறியதாகத் தோன்றினாலும், மெதுவான ஃபீடில் வெட்டிய பரப்பில் வரிவரியாகத் தெரியும் நடுக்கத்துக்குப் பல நேரம் காரணம் அதுதான். கன்ட்ரோலரை மாற்றிவிட்டு அந்த வரிகள் போகவில்லை என்று டியூனிங்கில், அதாவது லூப்களின் அமைப்பு எண்களைச் சரிசெய்வதில், நாட்களைத் தொலைப்பவர்கள் உண்டு.

நான்கு வழிகள்

முதல் வழி, பழைய கன்ட்ரோலரையே பழுது பார்ப்பது. இதைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, அது தவறு. பழுது மின்வழங்கி போர்டிலோ திரையிலோ மட்டும் இருந்தால், கெப்பாசிட்டர்களை மாற்றுவதும் படக்குழாயின் இடத்தில் எல்சிடி வைப்பதும் சில நாள் வேலை. துளையிடுதல், நேர்வெட்டு, ஒரே வகைப் பாகத்தைத் திரும்பத் திரும்பச் செய்தல் என்றிருக்கும் இயந்திரத்துக்கு 32 கிலோபைட் போதும். ஆனால் நினைவக போர்டும் அச்சு போர்டும் மாறி மாறிப் பழுதாகத் தொடங்கினால், பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் போர்டுகளை வாங்கி மாட்டுவது கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றது; வந்து சேரும் போர்டுக்கும் அதே வயதுதான்.

இரண்டாவது வழி, ஃபனுக் 0ஐ, சீமென்ஸ் சினுமெரிக் 828டி, ஹைடன்ஹைன் டிஎன்சி போன்ற தொழிற்துறைக் கன்ட்ரோலர் ஒன்றைத் தொகுப்பாக வாங்குவது. இவை பெரும்பாலும் தம் சொந்த டிரைவுகளையும் மோட்டார்களையும் எதிர்பார்க்கின்றன. ஆகவே புதிய மோட்டாரின் ஃபிளான்ஜ் பழைய தாங்கியில் உட்காருமா, தண்டின் விட்டம் கப்ளிங்குக்குப் பொருந்துமா என்ற இயந்திரவியல் வேலையும் சேர்ந்தே வரும். பழைய டிசி மோட்டார்களின் சுழலிகள் கனமானவை. புதிய ஏசி மோட்டார்களின் சுழலிகள் இலேசானவை. அதே முறுக்குவிசை என்று பார்த்து வாங்கிய மோட்டாருக்கு மேசையும் ஸ்க்ரூவும் ஒப்பீட்டில் மிகப் பெரிய சுமையாகிவிடும். எனவே முறுக்குவிசையோடு சுமையின் நிலைமத்துக்கும் மோட்டாரின் நிலைமத்துக்கும் உள்ள விகிதத்தையும் கணக்கிட வேண்டும். இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது, ஆபரேட்டர்களுக்கு ஏற்கெனவே பழகிய திரை, பாதையை முன்கூட்டியே பார்த்து முடுக்கத்தின் மாற்றத்தையும் மென்மையாக்கும் கணக்கீடு, எதிர்காலத்தில் போர்டு போனால் தொலைபேசியில் கேட்க ஓர் ஆள். நிமிடத்துக்கு 4 மீட்டர் ஃபீடில் 0.1 மில்லிமீட்டர் துண்டுகளை வெட்டும்போது நொடிக்கு 667 வரிகள் கரைகின்றன. மோல்டு வேலையில் இது அன்றாடம். அந்த வேலைக்கு இந்தக் கன்ட்ரோலர்கள் தரும் பரப்பின் வழவழப்பை மற்ற வழிகள் எளிதில் எட்டுவதில்லை. ஒன்றை மட்டும் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: நான்காம் அச்சு, கூடுதல் நினைவகம், மேக்ரோ போன்ற பல வசதிகள் கன்ட்ரோலருக்குள்ளேயே இருந்தும் பூட்டப்பட்டிருக்கும், திறக்கும் குறியீடு தனி விலை.

மூன்றாவது வழியில் டிரைவும் மோட்டாரும் புதிதாக வருகின்றன, ஆனால் கன்ட்ரோலர் எளிமையானது. ஸ்டெப், டைரக்‌ஷன் என்ற இரு சிக்னல்களை அனுப்பும் வகை இது: முதலாவதின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு அடி, மற்றது எந்தத் திசை என்பது. மாக்4, சென்ட்ராய்டு ஏக்கார்ன், திரையோடு சேர்ந்து வரும் தனிப் பெட்டிக் கன்ட்ரோலர்கள் எல்லாம் இந்த வரிசையில் அடங்கும். மூன்று லூப்களும் டிரைவுக்குள் போய்விடுவதால் டியூனிங் டிரைவோடு வரும் மென்பொருளிலேயே முடிகிறது, ஒயரிங் குறைகிறது, முதல் அசைவைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் கன்ட்ரோலர் கண்ணைக் கட்டிக்கொண்டு எண்ணுகிறது என்பதை மறக்கக் கூடாது. டிரைவ் அலாரம் கொடுத்து நின்றால், அந்த அலாரம் சிக்னலைக் கன்ட்ரோலரின் உள்ளீட்டில் இணைத்திருந்தால்தான் மற்ற இரு அச்சுகளும் நிற்கும். இல்லையென்றால் அவை வெட்டிக்கொண்டே போகும். என்கோடரை டிரைவுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் கன்ட்ரோலரின் திரையில் தெரியும் எண், அனுப்பிய எண். அடைந்த எண் அன்று.

துடிப்பின் வேகமும் ஒரு வரம்பு. 10 மில்லிமீட்டர் புரி கொண்ட பால் ஸ்க்ரூவும் 2500 கோடுகள் கொண்ட என்கோடரும் இருந்தால், நான்கு மடங்காக எண்ணும்போது சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை, அதாவது எண்ணிக்கைக்கு ஒரு மைக்ரான். வெட்டாமல் விரைந்து நகரும் ரேப்பிடில், நிமிடத்துக்கு 15 மீட்டரில், ஸ்க்ரூ நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். நொடிக்கு 2,50,000 துடிப்புகள் தேவை. பேரலல் போர்ட் வழியாக மென்பொருளே துடிப்பை உருவாக்கும், மாக்4-க்கு முந்தைய மாக்3 தன் இயல்பான அமைப்பில் 25 கிலோஹெர்ட்ஸ்தான் கொடுத்தது. அதில் இதே அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகராது. டிரைவின் மின்னணு கியர் விகிதத்தை மாற்றி வேகத்தைக் கூட்டலாம், ஆனால் கூட்டிய அளவுக்கு நுணுக்கம் குறையும். மேலும் மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், மூலையில் கிடக்கும் பழைய கணினியை நம்பி இன்று அந்த வழியில் இறங்குவது, ஒரு பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு இன்னொரு பழைய கன்ட்ரோலரைப் பொருத்துவதற்குச் சமம். தனி துடிப்புக் கார்டு உள்ள கன்ட்ரோலர்களுக்கு இந்தக் குறை இல்லை.

நான்காவது வழி லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்னும் தேசியத் தர நிறுவனம் 1990களில் உருவாக்கிய கன்ட்ரோலர் மென்பொருளிலிருந்து வளர்ந்தது இது. பொதுவில் விடப்பட்ட பின் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்தார்கள். இதன் தனிச்சிறப்பு விலையில்லாதது என்பதில் இல்லை. பொசிஷன் லூப்பைத் தானே மூடக்கூடியது, நொடிக்கு 1000 முறை. ஆகவே நம் இயந்திரத்தின் அனலாக் டிரைவுகளை அப்படியே வைத்துக்கொள்ள வழி விடுகிறது. மேசா 7ஐ77 போன்ற ஒரு கார்டில் ஆறு ±10 வோல்ட் வெளியீடுகளும் ஆறு என்கோடர் உள்ளீடுகளும் 32 உள்ளீடுகளும் 16 வெளியீடுகளும் இருக்கின்றன. என்கோடர் துடிப்புகளை எண்ணும் வேலையைத் தாய்க் கார்டில் உள்ள எஃப்பிஜிஏ சிப் பார்த்துக்கொள்கிறது. கணினி மில்லிநொடிக்கு ஒருமுறை எண்ணை வாசித்தால் போதும். என்கோடருக்குப் பதில் கோணத்தை மின்னழுத்தமாகச் சொல்லும் ரிசால்வர் இருந்தால் 7ஐ49 என்ற கார்டு உண்டு. 11 மைக்ரோஆம்பியர் சைன் அலை தரும் பழைய ஹைடன்ஹைன் கண்ணாடி ஸ்கேல்களுக்கும் கார்டுக்கும் இடையில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். அது பல நேரம் பழைய பேனலிலேயே கிடக்கும், கழற்றி எறிந்துவிடக் கூடாது.

இதன் விலை, கற்றுக்கொள்ளும் உழைப்பு. ஒவ்வொரு சிக்னலும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை ஹால் என்ற அமைப்பில் நாமே எழுத வேண்டும். ஆரம்பத்தில் இது ஒரு சுமையாகத் தெரிந்தாலும், ஏதாவது தவறும்போது அதுவே வரமாகிறது: உள்ளே இருக்கும் அலைக்காட்டியில் கட்டளை, உண்மை நிலை, பிழை மூன்றையும் ஒரே திரையில் பார்த்து டியூன் செய்யலாம். பிழை தோன்றும் வரை காத்திராமல் வேகத்தை முன்னூட்டாகக் கொடுக்காத லூப்பில் அச்சு எப்போதும் கட்டளைக்குப் பின்னால் ஓடும். ஒரு மில்லிமீட்டர் பின்னடைவுக்கு நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகம் என்ற வழக்கமான ஆதாயத்தில் (கெயின்), நிமிடத்துக்கு 5 மீட்டரில் 5 மில்லிமீட்டர் பின்தங்கும். முன்னூட்டைப் படிப்படியாகக் கூட்டும்போது அந்த 5 மில்லிமீட்டர் சில மைக்ரான்களாகச் சுருங்குவதைத் திரையில் பார்ப்பது, சொல்லப்போனால், இந்த வேலையின் சின்ன இன்பங்களில் ஒன்று. குறை என்றால், அதன் பாதைக் கணக்கீடு நீண்ட காலமாக முடுக்கத்தை மட்டுமே வரையறுத்து வந்தது, முடுக்கம் மாறும் வீதத்தை அல்ல. கனமான மேசை விரைவாகத் திரும்பும் மோல்டு வேலையில் அந்த வேறுபாடு பரப்பில் தெரியும்.

ஈதர்கேட் வழியாக இயங்கும் புதிய டிரைவுகளையும் லினக்ஸ்சிஎன்சியோடு இணைக்க முடியும். ஒரே நெட்வொர்க் கேபிளில் கட்டளையும் உண்மை நிலையும் அலாரமும் போய்வருவதால் ஸ்டெப், டைரக்‌ஷனின் குருட்டுத்தனம் இதில் இல்லை. டிரைவுகளை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்றாவது வழியைவிட இதையே நான் முதலில் ஆராய்வேன்.

எந்த வழியிலும் தப்பாதவை

அச்சுகள் ஓடத் தொடங்குவது வேலையின் பாதிகூட அல்ல. டூல் சேஞ்சர்தான் நாட்களை விழுங்கும். ஸ்பிண்டில் குறித்த கோணத்தில் நிற்க வேண்டும், இசட் அச்சு மாற்றும் உயரத்துக்கு வர வேண்டும், கருவி வளையம் நெருங்க வேண்டும், பிடி விட வேண்டும், விட்டது என்று சென்சார் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நேர எல்லையும், பாதியில் மின்சாரம் நின்றால் எங்கிருந்து மீள்வது என்ற விடையும் எழுதியாக வேண்டும். எந்த நிலையில் எந்த வெளியீடு இயங்கும் என்று காட்டும் பழைய இயந்திரத்தின் லேடர் வரைபடம் காகிதத்தில் கிடைத்தால் அது தங்கம். ஸ்பிண்டிலில் என்கோடர் இருந்தால் லினக்ஸ்சிஎன்சியில் ஜி33.1 கட்டளை வழியாக ரிஜிட் டேப்பிங், அதாவது ஸ்பிண்டிலின் சுற்றோடு இசட் அச்சை இணைத்து உள்மரை வெட்டுதல், செய்யலாம். மாக்3-இல் உண்மையான ரிஜிட் டேப்பிங் இல்லை. தொழிற்துறைக் கன்ட்ரோலர்களில் இது ஒரு கேள்வியே அல்ல.

அவசர நிறுத்தம் மென்பொருளின் நல்லெண்ணத்தை நம்பி இருக்கக் கூடாது. சிவப்புப் பொத்தான், பாதுகாப்பு ரிலே வழியாக நேரடியாக டிரைவுகளின் சக்தியை நீக்க வேண்டும். கன்ட்ரோலருக்கு அது ஒரு தகவலாக மட்டும் போக வேண்டும். ஐஇசி 60204-1 தரநிலை இதை இரண்டாகப் பிரிக்கிறது: வகை 0 என்றால் சக்தி உடனே நீங்கும், வகை 1 என்றால் மோட்டார்கள் கட்டுப்பாட்டோடு நின்ற பின் நீங்கும். வேகமாகச் சுற்றும் ஸ்பிண்டிலுக்குப் பின்னது பொருந்தும். எதிர்எடை இல்லாத இசட் அச்சில், மோட்டாரில் முறுக்குவிசை வந்த பின்னரே பிரேக் விடுபட வேண்டும். இந்த வரிசை மாறினால் ஸ்பிண்டில் தலை கருவியோடு மேசைமேல் இறங்கும்.

இன்னொன்று, முதல் முறை சக்தி கொடுக்கும் நாள். டாக்கோவின் முனைகள் தலைகீழாக இருந்தாலும், என்கோடர் எண்ணும் திசைக்கும் கட்டளையின் குறிக்கும் பொருத்தம் இல்லாவிட்டாலும் அச்சு முழு வேகத்தில் பாய்ந்து ஓடும். நான் ஒருமுறை எக்ஸ் அச்சில் இதைச் செய்திருக்கிறேன். பின்னடைவு வரம்பை ஒரு மில்லிமீட்டருக்குக் குறைத்து வைத்திருந்ததால் மேசை ஒரு துள்ளலோடு நின்றது. இல்லையென்றால் முனையில் இருக்கும் இரும்பு அதை நிறுத்தியிருக்கும். முடிந்தால் மோட்டாரை ஸ்க்ரூவிலிருந்து பிரித்து வைத்துத்தான் முதல் சோதனை.

நான் எடுக்கும் முடிவு

இனி, தொடக்கத்தில் சொன்ன இயந்திரத்துக்குத் திரும்பலாம். அதன் மூன்று டிரைவுகளும் அனலாக் கட்டளையில் ஒழுங்காக ஓடுகின்றன, மோட்டார்களின் காப்புத்தடை நன்றாக இருக்கிறது, பட்டறையில் மின்னணுவியலும் மென்பொருளும் அறிந்த ஒருவர் குறைந்தது சில ஆண்டுகள் இருக்கப்போகிறார் என்றால், நான் டிரைவுகளைத் தொடாமல் லினக்ஸ்சிஎன்சியையும் அனலாக் கார்டையும் தேர்ந்தெடுப்பேன். மாற்றும் பகுதி மிகச் சிறியது என்பதால், தவறினால் பின்வாங்குவதும் எளிது. ஒரு டிரைவ் போய்விட்டால் அதற்கு இணையான பழைய டிரைவைத் தேடி அலையாமல் மூன்றையும் புதிய ஏசி சர்வோவாக மாற்றுவேன். ±10 வோல்ட் வேகக் கட்டளையை ஏற்கும் புதிய டிரைவுகள் இன்றும் தயாரிக்கப்படுவதால் கன்ட்ரோலரும் அதற்கான உழைப்பும் வீணாவதில்லை.

அதே இயந்திரம் இரண்டு ஷிப்டும் ஓடி, ஒருநாள் நின்றால் மொத்தப் பட்டறையும் காத்திருக்கும் நிலையில் இருந்தால், அல்லது மோல்டு பரப்புகளே அதன் முக்கிய வேலையாக இருந்தால், அல்லது ஹால் கோப்பை எழுதியவர் போன பின் அதைப் படிக்க யாரும் இல்லை என்றால், என் பதில் தொழிற்துறைத் தொகுப்புக்கு மாறும். விலை உறுத்தும், ஆனால் இயந்திரத்தின் உடல் இன்னும் பதினைந்து ஆண்டு தாங்கும் என்று டயல் கேஜ் சொல்லியிருந்தால் மட்டுமே அந்த விலையைக் கொடுக்க வேண்டும். ஸ்டெப், டைரக்‌ஷன் வகையை, டூல் சேஞ்சர் இல்லாத சிறிய மில்லிங் இயந்திரத்துக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைப்பேன். இருபது கருவிகளைச் சுற்றும் மெஷினிங் சென்டருக்கு, டிரைவ் அலாரங்கள் அனைத்தும் கன்ட்ரோலருக்கு வந்து சேர்கின்றன என்பதை உறுதிசெய்த பிறகுதான்.

எதைத் தேர்ந்தாலும் பழைய கன்ட்ரோலருக்குச் சிறிதளவாவது உயிர் இருக்கும்போதே சில அளவுகளை எடுத்துவிடுவது நல்லது. பாராமீட்டர்களைத் திரை திரையாகப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு அச்சையும் தெரிந்த ஒரு ஃபீடில், நிமிடத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், ஓட விட்டு டிரைவின் கட்டளை முனையிலும் டாக்கோவிலும் எத்தனை வோல்ட் என்பதைக் குறியோடு எழுதிக்கொள்ள வேண்டும். புதிய கன்ட்ரோலரின் வெளியீட்டு அளவுகோலை அமைக்கும் நாளில் அந்த எண்கள் நேரடியாகப் பயன்படும். ஒவ்வொரு கம்பிக்கும் இரு முனையிலும் எண் ஒட்டிய பிறகே கம்பி வெட்டும் கட்டரைக் கையில் எடுக்கலாம்.